சானமாவு ஆனையும் அஞ்சு சீட்டும்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்த களத்தில் கோழி நடந்தது போல இருக்கும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை. எழுத்துப் பிழை நிறைய இருக்கும். அச்சுக் கோர்க்கிறவர் மனம் வைத்துத் திருத்திக்கொள்ளட்டும். எழுத்து கோட்டுக்கு மேலேயும் கீழேயும் அலைவதற்குப் படிப்புக் குறைவு மட்டும் காரணம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மத்தூரில் தையல்காரன். அளவெடுக்கும்போதுகூட அதிகம் பேச மாட்டேன். கையைத் தூக்குங்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டு, நானே என் கையைத் தூக்கிக் காட்டுவேன். வந்தவர்களும் தூக்குவார்கள். அப்படிப்பட்டவன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மைசூர் ராஜ்யத்துக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தேன். நான் பார்த்த ஒரே வெளி ராஜ்யம் அதுதான். அங்கே நான் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார். அவர் பெண்ணுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கேட்டிருக்கலாமா, கூடாதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன காரியம் சின்னது. என் தையல் மெஷினில் அடி நூலைப் பிடிக்கிற ஷட்டில் உடைந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் கிடைக்கவில்லை. ஓசூரைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு மெஷின் ரிப்பேர்க்காரர் இருக்கிறார், பெங்களூரிலிருந்து வரவழைத்துப் போட்டுத் தருவார் என்றார்கள். மெஷின் தலையைக் கழற்றிக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கார்த்திகை மாதம். தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது.

ராயக்கோட்டை வழியாகப் போகிற பஸ். மெஷினை மேலே போட மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் இரண்டு கோழிகளை மடியில் வைத்திருந்தார். அவர் கோழியை நானும், என் கோணியை அவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம்.

டிரைவர் பெயர் திம்மராயன். ஐம்பதைத் தாண்டியவர். காக்கிச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். காலர் நைந்து போய்த் திருப்பித் தைத்தது என்பது என் கண்ணில் முதலில் பட்டது. கண்டக்டர் முனுசாமி அவருடைய மனைவியின் தம்பி. மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு, டிக்கெட் கொடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். வாய் ஓயாது.

“மாமா, பாரேன், வைக்கோல் வண்டி ஒண்ணு நடு ரோட்டுல ஆடிக்கினு வருது. பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி எப்பிடி ஒக்காந்துகினு இருக்கறான் பாரு.”

“உம்.”

“இந்தப் பள்ளத்த இன்னும் மூடல பாரு மாமா, வலது பக்கம். எடது பக்கம் கொடம் தூக்கிக்கினு ரெண்டு பொம்பளைங்க. முன்னால போறவ மாமியாரா இருக்கணும், மூஞ்சியே சொல்லுது.”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தோம். பேசத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சானமாவுக் காடு வந்தபோது முனுசாமி பின்னால் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பஸ் திடீரென்று நின்றது. கோழிகள் என் மேல் வந்து விழுந்தன.

“ஆனை,” என்றார் டிரைவர், மெதுவாக.

அந்தக் காட்டில் யானை வருவது புதிதல்ல. பஸ்ஸே மூச்சை அடக்கிக்கொண்டது. முனுசாமி ஓடி முன்னால் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். மாமாவின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு, “ஆமா மாமா. ஆனைதான். நிக்கட்டும், அவசரம் இல்ல,” என்றான்.

நானும் பார்த்தேன். ரோட்டோரத்தில், மழையில் நனைந்து கறுத்த ஒரு பாறை. பக்கத்தில் ஒரு மரக்கிளை.

கோழிக்கார அம்மாள் என் காதில், “வாலு ஆடுது பாருங்க,” என்றார்.

கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் முனுசாமி, “போயிடுச்சு மாமா, உள்ள போயிடுச்சு,” என்றான். பஸ் நகர்ந்தது. பாறையைத் தாண்டும்போது அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது பாறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை பேர் யானை என்கிறபோது தையல்காரன் என்ன சொல்வது?

அத்திப்பள்ளியில் இறங்கினேன். ஒரே மண், ஒரே தூறல். ஆனால் ராஜ்யம் வேறு. கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் சுருட்டை முடி வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு. இங்கே சாராயக் கடை பட்டப்பகலில் திறந்திருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் நாலு பேர் எதையோ தொலைத்தவர்கள் போல அந்தக் கடையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். ரிப்பேர்க்காரர் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, ஷட்டில் நாளை மறுநாள் வரும் என்றார். தங்க இடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பஸ் நின்ற காபி ஓட்டலுக்கே திரும்பி வந்தேன்.

ஓட்டல்காரர் நஞ்சப்பா. ராணுவத்தில் லாரி ஓட்டியவர். எல்லோரும் ஹவில்தார் என்றே கூப்பிடுவார்கள். நான் கோணியில்லாமல் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். “கூத்கொள்ளி, கூத்கொள்ளி,” என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார். ஓட்டலுக்குப் பின்னால் புளி மூட்டை அடுக்கிய அறை ஒன்று இருந்தது. அதில் படுத்துக்கொள்ளலாம், சாப்பாட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றார். மூன்று நாளும் என் வேட்டி, சட்டை, கனவு எல்லாம் புளி வாசம்தான்.

சாப்பாடு களிதான், அவர்கள் முத்தே என்கிறார்கள். எங்கள் வீட்டுக் களி கிள்ளினால் வரும். அவருடையது உருட்டி வைத்தால் பீரங்கிக் குண்டு போல அப்படியே நிற்கும். மென்று தின்றேன். ஹவில்தார் பார்த்துவிட்டு, மென்றால் களிக்குக் கோபம் வரும், விழுங்க வேண்டும் என்றார். கொள்ளுச் சாறு மட்டும் எங்கள் ஊரில் அப்படி யாருக்கும் வைக்கத் தெரியாது. இன்றைக்கும் நாக்கு அதைத் தேடுகிறது.

பஸ்ஸுக்கு அந்த ஊர் வரைதான் அனுமதி. தினமும் ஒரு மணிக்கு வந்து நாலு மணிக்குத் திரும்பும். நடுவில் உள்ள நேரத்தில் நான் படுக்கிற அறையில் ஆட்டம் நடக்கும். மறுநாள் மதியம் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பாமலே சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஹவில்தார், டிரைவர் திம்மராயன், கண்டக்டர் முனுசாமி, புளி வியாபாரி ரெட்டியார். அந்த மூட்டைகள் ரெட்டியாருடையவை.

ஆட்டத்தின் பெயர் போக்கர். அவர்கள் அஞ்சு சீட்டு என்பார்கள். யுத்தத்தின்போது பாலைவனத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் ஹவில்தார் கற்றுக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததைப் போட்டுவிட்டு ஒரு தடவை வேறு வாங்கிக்கொள்ளலாம். பிறகு கையில் உள்ளதன் பலத்துக்கோ, இல்லாத பலத்தை இருப்பது போலக் காட்டவோ, நடுவில் பந்தயம் வைக்க வேண்டும். பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிடுவான். கடைசியில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் “காட்டுங்க” என்பார். பந்தயம் காசு இல்லை, புளியங்கொட்டை. அன்றைக்கு அதிகம் சேர்த்தவருக்கு மற்றவர்கள் போண்டாவும் காபியும் வாங்கித் தர வேண்டும்.

“வெள்ளக்காரன் போனவன் இந்த ஆட்டத்தையும் கையோட எடுத்துகினு போயிருக்கலாம்,” என்றார் தோற்றுக்கொண்டே இருந்த ரெட்டியார்.

“நாட்டைக் குடுத்தான். கூட ஒரு தண்டனை குடுக்க வேண்டாமா ரெட்டி?” என்றார் ஹவில்தார். அவர் தமிழ் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையும் கால் மாற்றி அடி வைக்கும்.

ஆட்டத்தை விட அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் என்னைக் கட்டிப் போட்டது. குடித்தவன் சீட்டைத் தொடக் கூடாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். காட்டச் சொன்னால் சீட்டை வீசக் கூடாது. இரண்டு கையாலும் தட்டு வைப்பது போல மெல்ல வைத்து, என்ன கை என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. தோற்றவர் தம் சீட்டைக் காட்டாமலே கவிழ்த்துவிடலாம், என்ன வைத்திருந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும் விட இது எனக்குப் பிடித்தது: ஜெயித்தவர் கொட்டையை வாரிக்கொள்ளக் கூடாது. தோற்றவர்தான் இரண்டு கையாலும் அவர் பக்கம் தள்ளிக் கொடுக்க வேண்டும். கொட்டைகள் பலகை மேல் உருண்டு போகிற சத்தம் மழைச் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும்.

எங்கள் ஊரிலும் புங்க மரத்தடியில் சீட்டு ஆடுவார்கள். ஜெயித்தவன் தொடையைத் தட்டுவான். தோற்றவன் சீட்டுக்கட்டைக் கிணற்றில் போடுவான். இங்கே தோற்றவருக்கும் மரியாதை இருந்தது. கூச்சப்படுகிறவன் உட்காரக்கூடிய ஆட்டம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அன்று அதிகம் ஜெயித்தவர் திம்மராயன். சீட்டைக் கைநீளத்துக்கு விலக்கிப் பிடிப்பார், பிறகு பக்கத்தில் கொண்டுவருவார். “அஞ்சும் ஆட்டீன்,” என்று வைப்பார். ஐந்தும் ஒரே ஜாதியாக இருந்தால் அது பெரிய கை. மற்றவர்கள் தலையாட்டிக் கொட்டையைத் தள்ளுவார்கள். ஒரு தடவை அவர் வைத்த ஐந்தில் இரண்டு டைமன் போல எனக்குத் தெரிந்தது. மூட்டை மேலிருந்து பார்த்ததால் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவையும் அப்படியே இருந்தது. ஆட்டீனும் டைமனும் இரண்டும் சிவப்புதான், ஆனாலும் பூப்போட்ட துணி பார்த்த கண்ணுக்கு உருவத்தில் ஏமாற்றம் வராது. அப்படியானால் இந்தப் பக்கத்துச் சட்டம் வேறு போல இருக்கிறது என்று முடிவு செய்தேன். எழுத்து வேறு, களி வேறு, சாராயக் கடைகூடத் திறந்திருக்கிறது. சீட்டும் வேறாக இருக்கக் கூடாதா?

போண்டா தின்னும்போது திம்மராயன் என்னிடம் பேசினார். “டெய்லரே, என் பொண்ணுக்குத் தையில கல்யாணம். ரவிக்க ஆறு தைக்கணும். ஒங்க கையிலயே குடுத்துடறேன். அதுவரைக்கும் வண்டி ஓடணும், அவ்வளவுதான். அப்பறம் மொதலாளி போடான்னாலும் போயிடுவேன்.”

முனுசாமி சட்டென்று, “அதெல்லாம் ஓடும் மாமா,” என்றான்.

மூன்றாம் நாள் காலையில் ஷட்டில் வந்துவிட்டது. மெஷினைப் பூட்டி ஓட்டிப் பார்த்துக் கோணியில் கட்டிவிட்டேன். நாலு மணி பஸ்ஸில் கிளம்ப வேண்டியதுதான். மதியம் ஹவில்தார் எனக்கு இருபது கொட்டை எண்ணி வைத்தார். “மத்தூர்க்காரரே, பார்த்தது போதும். பன்னி,” என்றார். வாருங்கள் என்று அர்த்தம். மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்தேன்.

ஆட்டத்திலும் அப்படித்தான் நடந்தது. விலகுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் எல்லாவற்றுக்கும் கொட்டை வைத்துக்கொண்டே போனேன். மூன்று ஏழு வந்திருந்தது. அது நல்ல கை என்றுகூட எனக்குத் தெரியாது. ரெட்டியார் கவிழ்த்தார். முனுசாமி கவிழ்த்தான். ஹவில்தார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். நானும் திம்மராயனும்தான் மிச்சம். என் கொட்டை தீர்ந்துவிட்டது.

“காட்டுங்கண்ணா,” என்றேன்.

அவர் இரண்டு கையாலும் மெல்ல வைத்தார். “அஞ்சும் ஆட்டீன், டெய்லரே. மன்னிச்சுக்கோங்க.”

என் கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தன. ஆசும் ஒன்பதும் ஆறும் ஆட்டீன். ராணியும் மூணும் டைமன். நான் மரியாதையாகக் கொட்டைகள் மேல் இரண்டு கையையும் வைத்துவிட்டேன். தள்ளுவதற்கு முன்னால், அடுத்த தடவை தவறு செய்யாமல் இருக்க, சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. ஆயுசில் நானாக வாயைத் திறந்து கேட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அது ஒன்று.

“தெரியாமத்தான் கேக்கறேங்க. இந்தப் பக்கத்துல ஆட்டீனும் டைமனும் ஒண்ணுங்களா?”

திம்மராயன் சிரித்தார். “நல்லா கேட்டீங்க போங்க. அதெப்பிடி ஒண்ணாவும்? கழுதையும் குதிரையும் ஒண்ணுன்னு சொல்ற மாதிரி.” சிரித்துக்கொண்டே மற்றவர்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. முனுசாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெட்டியார் காலியான டம்ளரில் காபி குடித்தார்.

அவர் ஐந்து சீட்டையும் எடுத்தார். ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார்.

“ராணி டைமன்,” என்றார் அங்கிருந்தே. கொஞ்ச நேரம் கழித்து, “மூணும்.”



“முனுசாமி, எத்தினி நாளா?”

“என்னா மாமா?”

“எத்தினி நாளா எனக்கு விட்டுக் குடுத்துக்கினு இருக்கறீங்க?”

ரெட்டியார்தான் பதில் சொன்னார். “ரெண்டு தீவாளி ஆச்சு, திம்மா.”

முன்பெல்லாம் அந்த ஆட்டத்தில் வாய் சொன்னதற்கு மதிப்பில்லையாம். சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான். எல்லோரும் குனிந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். திம்மராயனுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலே, எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் மயங்கிப் போன மரியாதையில் பாதி பழையது. பாதி அவருக்காகப் பண்ணியது. இதை ஹவில்தார் பிற்பாடு சொன்னார்.

திம்மராயன் திரும்பி வந்து உட்கார்ந்தார். “நான் ஒங்கள ஏமாத்திக்கினு இருக்கறேன்னு இல்ல நெனச்சுகினு இருந்தேன். தெரியாத சீட்டத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கினு. ஏமாந்துபோறாங்களே பாவம்னு ராத்திரி படுத்தா நெஞ்சு குத்தும்.”

பிறகு இரண்டு கையையும் நீட்டி, கொட்டை அத்தனையையும் ஒன்றுகூட விடாமல் என் பக்கம் தள்ளினார்.

“ஜெயிச்சது நீங்க. எடுத்துக்கோங்க.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். முனுசாமி பின்னாலேயே வந்தான். “யோவ் டெய்லரே, மூணு நாளா வாயில ஊசி நூல வச்சுத் தச்சுகினு இருந்தியே, இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா? தையில கல்யாணம்யா. மொதலாளி காதுல விழுந்தா வண்டிய விட்டு எறக்கிடுவாரு. நான் வாயி வலிக்க வலிக்க ரெண்டு வருசமா ரோட்டப் படிச்சுக் காட்டிக்கினு வரேன்.”

அப்போதுதான் எனக்கு அந்த வைக்கோல் வண்டியும், குடம் தூக்கிய பெண்களும், பள்ளமும் விளங்கின. சானமாவுப் பாறையும் விளங்கியது. அவன் பின்னால் சில்லறைச் சண்டையில் இருந்த நேரம் அது. பாறைக்குப் பதில் ஆள் நின்றிருந்தால்?   கோணியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். வேறு பஸ் இல்லை.

நாலு மணிக்குப் பஸ் நிறைந்துவிட்டது. சந்தைக்கு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், சாராயக் கடையில் தொலைத்ததைக் கண்டுபிடித்துவிட்ட நாலு பேர். திம்மராயன் முகம் கழுவி, தலை வாரி, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இன்ஜின் ஓடியது. முனுசாமி அவர் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்தான்.

“மாமா, எப்பவும் போல நான் பேசிக்கினே வரேன். போலாம்.”

“இன்னிக்கு நீ பேசாத.”

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பஸ் நடுங்கிக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து ஒருவன், “என்னாயா, ஜோசியம் பாக்கறியா, எடுய்யா வண்டிய,” என்று கத்தினான்.

“முனுசாமி. அந்தப் புளிய மரத்தடியில நிக்கறது ஆளா, கம்பமா?”

முனுசாமி பேசவில்லை.

“இப்ப பேசு.”

“ஆளு, மாமா,” என்றான்.  “கொழந்தைய இடுப்புல வச்சுகினு ஒரு பொம்பள.”

இன்ஜின் நின்றது. திம்மராயன் இறங்கினார். ஓட்டல் வாசலில் நின்றிருந்த ஹவில்தாரின் முன்னால் பெஞ்சு மேல் சாவியை இரண்டு கையாலும் மெல்ல வைத்தார். சீட்டை வைப்பது போலவே.

“காட்டிட்டேன்,” என்றார். “கண்ணு போச்சு. வண்டிய நீ எடு.”

ஹவில்தார் சாவியையும் அவரையும் பார்த்தார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. உள்ளே திரும்பி மனைவியிடம், அடுப்பைப் பார்த்துக்கொள், விடிந்ததும் ஏதாவது லாரியில் வந்துவிடுகிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார்.

திம்மராயன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அந்தப் பக்கமாக உட்கார்ந்தது முதல் தடவையாக இருக்க வேண்டும். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் என் மெஷின் மேல் வைத்துக்கொண்டார்.

ஹவில்தார் ராணுவ லாரி போல ஓட்டினார். ஒரு பள்ளம் விடவில்லை. முனுசாமிக்குப் பழக்கம் போகுமா? “எடது பக்கம் மாடு ஒண்ணு படுத்துகினு—” என்று ஆரம்பித்தான். ஹவில்தார் திரும்பாமலே கன்னடத்தில் ஏதோ சொன்னார். என் இரண்டு கண்ணும் என் மூஞ்சியிலேயேதான் இருக்கின்றன, உன்னிடம் கொடுத்து வைக்கவில்லை என்று அர்த்தமாம். முதலில் சிரித்தவர் திம்மராயன்தான். அப்புறம் பஸ்ஸே சிரித்தது.

ஓசூர் தாண்டியதும் பேச்சு அடங்கியது. வெயில் சாய்ந்து மேகத்துக்குக் கீழே மஞ்சளாக வந்தது.

“டெய்லரே.”

“சொல்லுங்கண்ணா.”

“அன்னிக்கு நின்னமே, அந்த எடம் வந்தா சொல்லுங்க.”

வந்தது. “இதாங்கண்ணா,” என்றேன்.

“ஆனை நிக்குதா?”

“அது பாறைங்கண்ணா.”

“அன்னிக்கு?”

 “அன்னிக்கும் பாறைதாங்க.”

 ஒரு மைல் தூரம் அவர் மெஷின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

“ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. சொல்லல.”

“எனக்குப் பேச வராதுங்க.”

“சீட்டுல வந்துதே.” அவர் குரலில் கோபம் இல்லை. “இதக் கேட்டிருக்கணும் நீங்க. சீட்டுல யாரு சாவறா?”

கிருஷ்ணகிரியில் இறங்கும்போது, ரவிக்கைத் துணி அனுப்பி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அனுப்பினார். ஆறு ரவிக்கை தைத்தேன். முதலாளியிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. மறுநாளே அவராகப் போய்ச் சொல்லிவிட்டார். முதலாளி அவரை பஸ் நிலையத்தில் டிக்கெட் எழுதவும் ஊர் பேர் கூவவும் வைத்துக்கொண்டார். சம்பளம் பாதி. கல்யாணம் தை மாதமே நடந்தது. மேளம் ஒரு ஜோடி குறைந்தது, பந்தல் சின்னதானது. நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரெட்டியார் பெண்ணுக்கு ஒரு மூட்டை புளி கொண்டுவந்திருந்தார். கொட்டை எடுக்காத புளி. “கொட்டைய அப்பனுக்குக் குடும்மா,” என்றார்.

பிறகு பெங்களூரில் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். டம்ளர் அடிப்பாகம் போல ஒரு கண்ணாடி போட்டிருக்கிறார். கிருஷ்ணகிரிக்கு நூல் வாங்கப் போகிறபோதெல்லாம் கூட்டத்துக்கு மேலே அவர் குரல் கேட்கும்: “பர்கூர், பர்கூர், பர்கூர்!” என்னைப் பார்த்துவிட்டால் கூவலை நிறுத்தி, “டெய்லரே, ஆட்டீனா டைமனா?” என்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இப்போது பஸ்கள் நேரே பெங்களூர் வரை போகின்றன. அத்திப்பள்ளியில் அந்த மூன்று மணி நேர நிறுத்தம் இல்லை. ஹவில்தார் ஓட்டலை மூடிவிட்டு மகனிடம் போய்விட்டார் என்று முனுசாமி சொன்னான். முனுசாமி இப்போது வேறு டிரைவரோடு போகிறான். பாதி வழி வரை வாயைத் திறப்பதில்லையாம். சானமாவு வந்தால் மட்டும், “ஆனை நிக்குது, பாத்து,” என்பானாம். அந்தப் பாறைக்கு டிரைவர் ஆனை என்று பேராகிவிட்டது.

கொட்டைகள் பலகையில் உருளும் சத்தம் சில மதியங்களில் எனக்குக் கேட்கிறது. அப்படி ஒரு மரியாதையோடு நான் அப்புறம் யாரிடமும் தோற்றதில்லை, ஜெயித்ததும் இல்லை.

இதை இத்தனை நாள் எழுதாமல் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற ஊசிகளைப் பஞ்சு உருண்டையில் குத்தி வைப்பேன். காலையில் உட்காரும்போது பத்து ஊசியிலும் நூல் கோத்திருக்கும். நேற்று இரவு நான்தான் கோத்து வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் ஒருநாள் வழக்கத்தை விடச் சீக்கிரம் எழுந்தேன். என் மனைவி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊசியாகக் கோத்துக்கொண்டிருந்தாள். நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். ஒரு வாரம் படுத்துக்கொண்டேதான் இருந்தேன்.

இன்று காலை அவளுக்கு முன்னால் எழுந்து பஞ்சு உருண்டையை இரண்டு கையாலும் எடுத்துப்போய் அவள் முன்னால் மெல்ல வைத்தேன். “எனக்குக் கண்ணு தெரியல. நீயே கோத்துக் குடு,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.  கையைத் துடைத்துக்கொண்டு முதல் ஊசியை எடுத்தாள்.

மத்தூர்,
விளம்பி வருஷம், மார்கழி மாதம் 9-ஆம் தேதி.